வெயிலைப் பிடித்து வைக்கும் உப்புக் குளம்!

அடுப்பில் உலை வைத்தால், அடித் தண்ணீர் முதலில் சுடும். சுட்ட தண்ணீர் லேசாகி மேலே வரும். மேலே இருக்கும் குளிர்ந்த தண்ணீர் கனமாகையால் கீழே இறங்கும். இப்படிச் சுற்றிச் சுற்றித்தான் பானைத் தண்ணீர் முழுவதும் கொதிக்கிறது.

குளத்திலும் இதே கதைதான். பகலில் வெயிலில் சூடான தண்ணீர், மேலே வந்து சூட்டைக் காற்றில் விட்டு விடுகிறது. இரவில் குளம் ஆறிப் போகிறது.

இந்தச் சுற்றலை நிறுத்த முடியுமா? முடியும். அதற்கு வேண்டியது உப்பு!

உப்பு செய்யும் வேலை

உப்பு கரைந்த தண்ணீர் கனமானது. குளத்தின் அடியில் கடும் உப்பு நீர். அதன் மேல் படிப்படியாக உப்புக் குறைந்த நீர். உச்சியில் நல்ல தண்ணீர். இப்படி நிரப்பினால், அடியில் சுட்ட நீரைச் சூடு மேலே தள்ளும். உப்பின் கனம் கீழே பிடித்து நிறுத்தும். நடுவில் உள்ள நீர் கம்பளி போல் சூட்டைக் காக்கும்.

இது கற்பனை அல்ல. குஜராத்தில் பூஜ் நகருக்கு அருகே 6,000 சதுர மீட்டரில் இப்படி ஒரு குளம் வெட்டினார்கள். 1993 முதல் அங்குள்ள பால் பண்ணைக்கு அது வெந்நீர் கொடுத்தது. வெந்நீரின் சூடு சராசரி 75 டிகிரி!

மரக்காணத்தில் என்ன குறை?

திண்டிவனத்துக்குக் கிழக்கே, கடலோரத்தில் மரக்காணம் உப்பளங்கள் இருக்கின்றன. உப்பு உண்டு; வெயில் உண்டு; உப்பு நீரின் பக்குவம் அறிந்த தொழிலாளரும் உண்டு. ஆனால் மழை பிடித்தால் உப்பளத்தில் வேலை இல்லை. குளத்தின் அடிச்சூடோ ஒரு மழையில் ஆறி விடாது.

புழுங்கல் அரிசிக்கு நெல்லைச் சுமார் 70 டிகிரி வெந்நீரில் ஊற வைக்கலாம். அந்த வெந்நீரைக் குளம் தரும். நெடுந்தூரம் குழாயில் அனுப்பினால் ஆறி விடும். ஆகவே ஊறல் தொட்டியைக் குளத்தருகே அமைத்து, திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து நெல்லை அங்கே கொண்டு வரலாம். உப்பளத் தொழிலாளர் சிலருக்காவது மழைக்காலத்திலும் கூலி கிடைக்கும்.

எச்சரிக்கையும் வேண்டும்

பலத்த காற்று நீரைக் கலக்கினால் சூடு போய் விடும். அடியில் கசிந்தால் அக்கம்பக்கத்துக் கிணறுகள் உப்பாகி விடும். பூஜ் குளமும் சில ஆண்டுகளில் நின்று போனது. குளத்தை வெட்டினால் மட்டும் போதாது. நாள்தோறும் பேண ஆளும் பணமும் வேண்டும்.

ஆகவே முதலில் சிறு குளம் போதும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர்கள் கணக்கிடட்டும், உப்பளத் தொழிலாளர் வழி காட்டட்டும், அரசு இடமும் பணமும் கொடுக்கட்டும். கசிவில்லாமல் ஓர் ஆண்டு சூடு தாங்கினால், பெரிய குளம் வெட்டலாம். வீணாகும் வெயில் உழைப்பவர் வீட்டு உலைக்கு உதவட்டும்!