61 நாள் உறங்கிய இயந்திரம்

சித்திரை பிறந்ததும், ஏப்ரல் 15-ந் தேதி, தமிழ்நாட்டின் கீழைக் கடற்கரையில் விசைப்படகுகள் எல்லாம் கரையோடு கட்டப்பட்டுவிடுகின்றன. மீன்கள் இனம் பெருகுவதற்காக விதிக்கப்பட்ட தடை அது. 2001-ஆம் வருஷத்தில் ஆரம்பித்தபோது 45 நாளாக இருந்தது. 2017 முதல் 61 நாள். ஜூன் 14-ந் தேதி நள்ளிரவோடு முடிகிறது. நேயர்களில் பெரும்பாலோருக்கு இந்தத் தடையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மீன் விலை ஏறும் என்பதுதான். மீன் உண்ணாத வீடுகளுக்கு அதுவும் தெரியாது. கடலோர ஊர் ஒன்றில் பள்ளிக்கூடத்து உபாத்தியாயராக இருக்கும் எனக்கோ, ஜூன் இரண்டாம் வாரம் என்றால் வகுப்பில் பாதிப் பையன்களின் மனம் துறைமுகத்தில் இருக்கும் வாரம் என்று அர்த்தம்.

சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு பையனுடைய தகப்பனாரின் படகு, தடை நீங்கிய முதல் இரவே புறப்பட்டது. இரண்டு மாத வருமானம் இல்லை. கடன்காரன் வாசலில் நிற்கிறான். மற்றப் படகுகளுக்கு முந்திப் போனால்தான் நல்ல விலை. இயந்திரத்தைத் துறைமுகத்திலேயே ஓட்டிப் பார்த்தார்கள், பழுதில்லாமல் ஓடிற்று. ஐஸ், டீசல், ஆறு ஆட்கள் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். கரையை விட்டு மூன்று மணி நேரம் சென்றதும் இயந்திரம் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. காற்றிலும் அலையிலும் தத்தளித்த படகை மறுநாள் பிற்பகலில் வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. அன்று முழுவதும் என் வகுப்பில் அந்தப் பையன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பாடம் நடத்துவதாகப் பாவனை செய்தேன்.

துறைமுகத்தில் ஓடிய இயந்திரம் நடுக்கடலில் ஏன் நிற்க வேண்டும்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. படகைப் பழுது பார்த்த முதியவரான மெக்கானிக்கிடம் போய்க் கேட்டேன்.

"வாத்தியாரய்யா, இயந்திரம் ஓடித் தேய்வது கொஞ்சம், நின்று கெடுவதுதான் அதிகம்" என்றார் அவர். பிறகு டீசல் தொட்டியின் அடியிலிருந்து எடுத்த கறுப்புச் சேற்றை ஒரு டப்பாவில் காட்டினார்.

பாதி காலியாக நிற்கும் தொட்டிக்குள் ஈரக் காற்று புகுகிறது. இரவில் குளிர்ந்ததும் அது நீர்த்துளியாகி, டீசலை விடக் கனமானதால் அடியில் தங்கிவிடுகிறது. அந்த நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பெருகிச் சேறு போல் படிகின்றன. துறைமுகத்தில் படகு ஆடாமல் நிற்கும்போது சேறும் ஆடுவதில்லை. கடலில் அலை குலுக்கியதும் எல்லாம் கலங்கி வடிகட்டியை அடைத்துக்கொள்கிறது. இயந்திரம் பட்டினியால் நிற்கிறது. ஆகவே தடைக்காலத்தில் தொட்டியை நிரப்பி வைப்பதும், கிளம்புமுன் அடிக் குழாயைத் திறந்து நீரையும் சேற்றையும் வடிப்பதும், வடிகட்டியைப் புதிதாக மாற்றிக் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றுவதும் அவசியம். ஓட்டிப் பார்த்தோமே என்ற திருப்தி போதாது.

குளிர் தேசங்களில் பனிக்காலம் முழுவதும் படகைக் கரையேற்றி வைப்பார்கள். அங்கே முதல் சத்துரு உறைபனி. நீர் உறையும்போது சுமார் பத்தில் ஒரு பங்கு பருக்கிறது; இயந்திரத்தின் உள்ளே தங்கிய நீர் உறைந்தால் இரும்பே வெடித்துவிடும். நமக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் உப்புக் காற்று இருக்கிறதே, அது மௌனமாக வேலை செய்கிறது. உள்ளே தடவியிருந்த எண்ணெய் மெல்ல வழிந்து இறங்கியபின், வெறும் இரும்பைத் துரு பிடித்துக்கொள்ள எத்தனை நாள் வேண்டும்?

எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்க்கும் வித்தையையும் கிழவர் கற்றுக்கொடுத்தார். கறுப்பாக இருப்பது குற்றமில்லை. பால் கலந்த காப்பியைப் போல் வெளுத்திருந்தால் ஜலம் கலந்துவிட்டது என்று பொருள். அதன்பின் இயந்திரத்தை ஓட்டவே கூடாது. அளவு குறைந்திருந்தால் மட்டுமல்ல, கூடியிருந்தாலும் சந்தேகிக்க வேண்டும். ஸ்டார்ட்டரைத் தொடுமுன் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்க்கச் சொன்னார். சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், காற்றைப் போல் அதை அமுக்க முடியாது. பலவந்தமாகச் சுழற்றினால் உள்ளே இருக்கும் தண்டு வளைந்துபோகும்.

பாட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. ஸைக்கிள் பம்பின் அடிப்பாகம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அமுக்கிய காற்று சூடேறும் என்ற அந்த ஒரே தத்துவத்தின் மேல்தான் ருடால்ப் டீசல் 1890-களில் தம் இயந்திரத்தைக் கட்டினார். (பாவம், 1913-இல் கப்பலில் பிரயாணம் செய்கையில் அவரே கடலில் மறைந்துபோனார்.) பாட்டரி தளர்ந்து இயந்திரம் மெதுவாகச் சுழன்றால் வேண்டிய சூடு பிறக்காது, எண்ணெய் பற்றாது. 12 வோல்ட் பாட்டரி முழு வலுவோடு ஓய்ந்திருக்கும்போது சுமார் 12.6 காட்ட வேண்டும்.

கடல்நீரை உறிஞ்சிக் குளிரூட்டும் இயந்திரங்களில் பம்புக்குள் ஒரு ரப்பர்ச் சக்கரம் உண்டு. இரண்டு மாதம் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்ததால் அதன் இதழ்கள் விறைத்து வெடித்திருக்கும். ஓர் இதழ் உடைந்திருந்தால் புதுச் சக்கரம் போட்டால் மட்டும் ஆகாது. உடைந்த துண்டு குழாயில் எங்கே அடைத்திருக்கிறது என்று தேடி எடுக்க வேண்டும். படகின் அடியில் பதித்த துத்தநாகக் கட்டியையும் பார்க்க வேண்டும். மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அவற்றைக் காப்பது அதன் தொழில். 1824-இல் ஹம்ப்ரி டேவி கண்டு சொன்ன உபாயம் இது. பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடலாம். பெல்ட்டுகளையும் ரப்பர்க் குழாய்களையும் விரலால் அழுத்திப் பார்த்தாலே போதும்.

இவ்வளவும் ஆனபின் படகைத் துறையில் நான்கு கயிறுகளால் கட்டி, கியரைப் போட்டு, பாரத்தோடு ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். எண்ணெய் அழுத்தம் உடனே ஏறுகிறதா, குளிரூட்டும் நீர் வெளியே விழுகிறதா என்பன முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். புகையை மட்டும் கடைசிவரை கவனிக்க வேண்டும்: சூடேறியபின்னும் வெண்புகை நிற்கவில்லையானால், நீலமாக வந்தால், பயணத்தை ஒத்திப்போட வேண்டியதுதான்.

மறு வருஷம் அந்தத் தகப்பனார் ஜூன் முதல் தேதியே தொட்டியைத் திறந்து வடித்தார். தடை நீங்கிய இரவு பக்கத்துப் படகுகள் ஒவ்வொன்றாக விளக்கோடு நகர, அவருடைய படகு மட்டும் கயிறு கட்டிய நிலையில் உறுமிக்கொண்டிருந்தது. "இன்னும் எத்தனை நேரம் அப்பா?" என்று பையன் கேட்டுக்கொண்டே இருந்தான். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிமிஷம் எண்ணியவன் நான். ஒரு மணி நேரம் முடிந்ததும் வடிகட்டியை மறுபடி கழற்றிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. மாற்று வடிகட்டிகள் இரண்டு, ரப்பர்ச் சக்கரம் ஒன்று, பெல்ட் ஒன்று ஆகியவற்றைத் துணியில் சுற்றி இயந்திர அறையில் வைத்துவிட்டுக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்.