தொழிலும் ஆர்வமும்

பிழைப்புக்கென ஒரு தொழிலும் மனத்துக்கு உகந்த வேறொரு பணியும் ஒருங்கே மேற்கொண்டால் இரண்டுமே கெடும் என்பர் சிலர். அக்கூற்று முற்றும் பொருந்தாது. வி. கனகசபைப் பிள்ளை என்பார் அஞ்சல் துறை மேற்பார்வையாளர். அஞ்சலகங்களைப் பார்வையிட ஊர்தோறும் செல்வது அவர்தம் கடமை. அலுவலுக்காகச் சென்ற வழியே ஆர்வத்துக்கும் வழியாயிற்று. சென்ற ஊர்களில் பழைய ஓலைச்சுவடிகளைத் தேடித் திரட்டினார். படியெடுப்பதற்குத் தம் பொருள் கொடுத்து ஒருவரை அமர்த்தினார். ஊதியமெல்லாம் ஏட்டுக்கோ என்று உலகியலார் நகைக்கலாம். ஆயினும், அவ்வேடுகளைக் கற்று, ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த தமிழரைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஆராய்ச்சி 1904ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. அரிதின் தேடியவற்றைப் பேழையில் பூட்டிவைத்துச் செல்லுக்கு இரையாக்குவோர் பலர். அவரோ தாம் தொகுத்த சுவடிகளை உ. வே. சாமிநாதையருக்கு உவந்து உதவினார்.