திறப்பு யார் கையில்?

ஈச்சிலம்பற்றுப் பக்கத்து மாவிலாறு அணைக்கட்டு சிறியது. மகாவலியின் மேற்பகுதியில் மின்சாரத்துக்காக நிற்கும் 122 மீற்றர் விக்டோரியா வளைவணைக்கு முன் அது ஒன்றுமில்லை. ஆற்றுநீரை வயலுக்குத் திருப்பிவிடும், அவ்வளவுதான். ஆனால் 2006 யூலையில் விடுதலைப் புலிகள் அதன் கதவை மூடியதும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குத் தண்ணீர் நின்றது. கதவு ஓகஸ்டில் திறந்தது. அதைச் சாட்டி மூண்ட சண்டை நிற்கவில்லை. ஈச்சிலம்பற்றுச் சனம் வாகரைக்கு ஓடியது. அணை என்றால் மண் அணையா கொங்கிரீட்டா என்று பாடம் நடத்துகிறோம். ஆனால் கதவின் திறப்பு யார் கையில் என்று கேட்பதில்லை. அதிகாரிகளே, மழைக்காலத்தில் மேலே மகாவலி அணைகளின் வான்கதவைத் திறக்குமுன் கீழே வெருகல் ஆற்றுக் கரைக் கமக்காரருக்கு ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.