சர்க்யூட்டா, சர்க்கிட்டா?



வைவாவில் "ஷார்ட் சர்க்யூட்" என்றேன். கேட்டவர் சிரித்தார், தெரிந்த பதிலும் தொண்டையிலேயே நின்றுபோச்சு. அப்புறம் அகராதியைப் புரட்டினேன். ஸ்பெல்லிங்கில் 'யூ' உண்டு, உச்சரிப்பில் இல்லை. ஷார்ட்-சர்-கிட் என மூன்று அசை. அழுத்தம் 'சர்' மேல். 'பிளாக்போர்டு' என்பதில் 'பிளாக்'கை அழுத்தினால் வகுப்பில் எழுதும் பலகை; 'போர்டு'வை அழுத்தினால் வெறும் கறுப்புப் பலகை! தமிழில் அழுத்தம் மாறினால் சொல்லின் அர்த்தம் மாறாது. அதனால்தான் நம்ம காதுக்கு இது புதுசு.

எங்க வீட்டில் இங்கிலீஷ் பேச யார் இருக்கா? முதன்முதலாய்ப் படிக்க வந்தவனே நான்தான். தெரியாதது குற்றமில்லை, சொல்லித்தராமல் சிரிப்பதுதான் குற்றம். நண்பா, தப்பாகவாவது பேசு, திருத்திக்கலாம். வாயை மூடினால் அது ஓப்பன் சர்க்கிட், கரண்டே பாயாது!