படத்தின் அளவை யார் முடிவு செய்வது?



கம்ப்யூட்டர் லேபில் இப்போது எல்லோரும் பைத்தானில் கிராஃப் போடுகிறோம். அதற்கு உதவும் மேட்பிளாட்லிப், ஜான் ஹன்டர் என்பவர் உருவாக்கி 2003-ல் வெளிவந்தது. அவர் 2012-ல் காலமானார். காசு கொடுக்காமல் இன்றும் உலகமே பயன்படுத்துகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் ஒரே தாளில் இரண்டு மூன்று படம் போடும்போது (சப்பிளாட் என்கிறோமே, அதுதான்) ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிசு என்று நாம் சொல்வதே இல்லை. அது கொடுத்ததை அப்படியே பிரிண்ட் எடுத்து ஒட்டுகிறோம். இது சரியில்லை என்பது என் கருத்து.

ஏன்னு கேக்குறீங்களா? நாம எதுவும் சொல்லலைன்னா முழுப் படம் 6.4 அங்குல அகலம், 4.8 அங்குல உயரம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டம் வைத்தால், ஓரமும் இடைவெளியும் போக ஒவ்வொன்றுக்கும் மிஞ்சுவது சுமார் 2.25 அங்குல அகலம், 3.7 அங்குல உயரம். ஒல்லியான நெட்டைக் கட்டம்! அதில் ஒரு கோடு கொஞ்சம் இறங்கினாலும் மொட்டை மாடியிலிருந்து குதிக்கிற மாதிரி தெரியும்.

ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவுப் படத்தைப் பாருங்கள். ஏ பிரிவின் அளவுகோல் 70-லிருந்து 95 வரை. பி பிரிவுக்கு 92-லிருந்து 96 வரைதான். ஏனென்றால் ஒவ்வொரு கட்டமும் தன் எண்களுக்கு ஏற்ப அளவுகோலைத் தானே எடுத்துக்கொள்கிறது. அதனால் பி பிரிவில் மூன்று சதவீதம் குறைந்தது பெரிய சரிவாகி, "நீங்கதானே லீவு போடுற கிளாஸ்?" என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் அவர்களைக் கேட்கிறார்கள். உண்மையில் எல்லா மாதமும் பி பிரிவுதான் முன்னால்! ஓரத்து எண்களை நின்று படிக்க இன்டர்வெல்லில் யாருக்கு நேரம்?

"கம்ப்யூட்டர் போட்டது எப்படிடா தப்பாகும்?" என்று ஒரு நண்பன் கேட்டான். கணக்கில் தப்பில்லை. அளவை யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

சரிசெய்ய ஒரு வரி போதும். ஃபிக்சைஸ் 10-க்கு 4 என்று கொடுத்தால் கட்டங்கள் அகலமாகும். ஷேர்ஒய் ட்ரூ என்றால் இரண்டுக்கும் ஒரே அளவுகோல். எல்லாக் கட்டமும் சமமாக இருப்பதுதான் நியாயம் என்றும் நினைக்காதீர்கள். போன வருடத்தின் 10 மாதத்தையும் இந்த வருடத்தின் 3 மாதத்தையும் சம அகலத்தில் போட்டால் ஒரு மாதம் இங்கே குறுகும், அங்கே நீளும். அங்கே விட்த் ரேஷியோஸ் 10-க்கு 3 என்று கொடுக்க வேண்டும். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் டைட் லேஅவுட் இருக்கிறது. ஆனால் அது இடைவெளியைத்தான் பார்த்துக்கொள்ளும், எந்தக் கட்டம் பெரிசு என்பதை நாம்தான் சொல்லணும்.

அந்த வருகைப் படம் இன்னும் நோட்டீஸ் போர்டில்தான் இருக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்கு முன்னால் அதை எடுத்துவிட்டு, ஒரே அளவுகோலில் புதிதாகப் போட்டு ஒட்டும்படி கணினி ஆசிரியரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். டைப் செய்ய நான் தயார்.