ஒட்டியாயிற்று, கேட்பது யார்?

பக்கவிளைவுகளைத் தெரிவிக்க உதவும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கியூஆர் குறியீட்டையும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணையும் எல்லா மருந்துக்கடைகளிலும் மக்கள் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் பணித்தது. சில்லறைக் கடை, மொத்தக் கடை இரண்டுக்கும் இது பொருந்தும். நம் நிலை என்ன என்று வாசகர்கள் கேட்கிறார்கள்.

ஒட்டுங்கள். பில் போடும் இடத்துக்கு நேர் எதிரே, கண் உயரத்தில் ஒட்டுங்கள். நுகர்வோர் படிவம் தமிழிலும் இருக்கிறது. கடையில் நிற்கும் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லி வையுங்கள். மாதவிடாய் வலிக்குச் சீட்டில்லாமல் வாங்கிப் போகும் மெஃபனமிக் அமிலத்துக்கு 2023 நவம்பரில் டிரெஸ் என்ற கடும் ஒவ்வாமை பற்றிய எச்சரிக்கை வந்ததே, அது எங்கெங்கோ இருந்தவர்கள் அலுக்காமல் அனுப்பிய அறிக்கைகளின் பலன்.

ஆனால், ஒட்டிய பிறகு யார் அதைப் பார்க்கப் போகிறார்கள்? தனக்கு வந்திருப்பது பக்கவிளைவு என்று தெரிந்தவர் பார்ப்பார். தெரியாதவர்?

அண்மையில் எங்கள் கடைக்கு வயதான அம்மா ஒருவர் வந்தார். "அதே இருமல் சிரப்பு இன்னொண்ணு குடு தம்பி. ராத்திரியானா தொண்டை கமறுது." அது மூன்றாவது பாட்டில். சளி வருகிறதா என்று கேட்டேன். "சளியே இல்லப்பா, வறட்டு இருமல்தான்." பிரஷர் மாத்திரையை மாற்றினார்களா என்றதும், சுருக்குப் பையிலிருந்து வெட்டிய அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். மருந்துப் பெயரின் தலை வெட்டில் போயிருந்தது. 'பிரில்' என்ற வால் மட்டும் மிச்சம். அதற்கு மேல் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சிரப்பைக் கொடுக்கவில்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லி, மருத்துவருக்கு நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். அவர் டெல்மிசார்டனுக்கு மாற்றினார். சில வாரங்களில் இருமல் நின்றது.

இதற்கு ஆறு நிமிடம் ஆயிற்று. பின்னால் ஐந்து பேர் நின்றார்கள். ஒருவர் சலித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார். சிரப்பை விற்றிருந்தால் ஒரு நிமிடம், கையில் கொஞ்சம் லாபம். விற்காமல் பேசியதற்கு ஒரு ரூபாய் வரவில்லை. விலைக் கட்டுப்பாட்டு மருந்துகளில் சில்லறை விற்பனையாளருக்கு 16 சதவீதம் என்று ஆணை கணக்காக எழுதி வைத்திருக்கிறது. அது விற்ற பெட்டிக்கு. 2015-ஆம் ஆண்டின் மருந்தாளுமை நடைமுறை விதிமுறைகள் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை நம் கடமை ஆக்கின. பத்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கடமைக்கு உரிய நேரத்துக்கும் கூலிக்கும் யார் பொறுப்பு? கடமையை எழுதிய கை அதோடு நின்றுவிட்டது.

இடமும் அப்படித்தான். சில்லறை உரிமத்துக்குப் பத்து சதுர மீட்டர் போதும். அதற்குள் அலமாரி, குளிர்பதனப் பெட்டி, பில் மேசை. பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரையைப் பற்றிக் கேட்க வாய் திறக்கும் பெண், பின்னால் நிற்கும் நான்கு ஆண்களைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போகிறார். அவருக்கு அரிப்பு வந்தாலும் எரிச்சல் வந்தாலும் அது எந்தப் படிவத்திலும் ஏறாது.

கட்டணமில்லா எண் வேலை நாட்களில் காலை 9 முதல் மாலை 5.30 வரை. நம் கடைகளில் கூட்டம் சேர்வது மாலை 6 மணிக்கு மேல். இதை வகுத்தவர்கள் ஒரு மாலையாவது ஒரு மருந்துக்கடை கவுன்ட்டருக்குள் நின்று பார்த்திருக்கக் கூடாதா?

சில ஆண்டுகளுக்கு முன், பெரியவர் ஒருவருக்கு இன்சுலின் பேனாவைப் பிடிக்கக் காட்டிக்கொண்டிருந்தபோது ஆய்வுக்கு அதிகாரி ஒருவர் வந்தார். "அதை அப்புறம் பாருங்க, முதல்ல எச்1 பதிவேட்டை எடுங்க" என்றார். எடுத்தேன். பதிவேடு சரியாக இருந்தது. பெரியவர் பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். எத்தனை யூனிட் போட்டுக்கொண்டாரோ. அந்த ஆய்வு அறிக்கையில் என் கடைக்கு ஒரு குறையும் இல்லை.

நம் வீட்டுக் குறையையும் மறைக்க வேண்டாம். மருந்தாளுமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு இருந்தும், சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு ஆள் வேறெங்கோ சம்பளம் வாங்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. சுவரில் சான்றிதழ், பக்கத்தில் கியூஆர் குறியீடு, நடுவில் பேச ஆளில்லை. அந்தக் கடையில் 'பிரில்' என்ற வாலை யார் படிப்பது? சான்றிதழை வாடகைக்கு விடும் நண்பர்கள், கூலி கேட்கும் நம் வாயையும் சேர்த்து அடைக்கிறார்கள்.

துறைக்கு நம் கோரிக்கைகள் மூன்று. ஆலோசனைக்குக் கட்டணம் வகுத்து, அதைக் காப்பீட்டுத் திட்டங்களில் சேருங்கள். புதிய உரிமங்களில் இரண்டு நாற்காலிக்கு ஒரு மறைப்பைக் கட்டாயமாக்குங்கள். ஆய்வின்போது குறியீடு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதோடு, இந்தக் கடையிலிருந்து எத்தனை பக்கவிளைவு அறிக்கை போயிருக்கிறது என்றும் கேளுங்கள்.

அந்தக் கேள்வி வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பக்கவிளைவுப் படிவங்கள் சிலவற்றை அச்செடுத்து எச்1 பதிவேட்டுக்குள் செருகி வையுங்கள். மூன்றாவது முறை இருமல் சிரப்பு கேட்டு வருபவரிடம், பிரஷர் மாத்திரை என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு அலமாரிக்குத் திரும்புங்கள்.