வடக்குச் சரிவில் விளைந்தால் அது பரோலோ ஆகுமா?

பச்சை வாழைப்பூவை மென்றால் நாக்கு இழுத்துப் பிடிக்கும் இல்லையா, கிட்டத்தட்ட அந்தத் துவர்ப்புதான் இத்தாலியின் பரோலோ ஒயினில் முதலில் தெரிவது. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் செய்யும் வேலை அது. நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கிளாஸில் வெளிர் சிவப்பாக, சாதுவாகத்தான் இருக்கும். வாயில் வைத்தால்தான் விஷயம் தெரியும். பத்து, இருபது வருடம் பாட்டிலில் கிடந்தால் துவர்ப்பு மெல்ல அடங்கி, ரோஜா வாசனையும் தார் வாசனையும் மேலே வரும். ஆமாம், ரோடு போடும் தார்தான். ரசிகர்கள் அதைப் பாராட்டாகத்தான் சொல்கிறார்கள்.

இந்த ஒயினின் சொந்த ஊர், வடமேற்கு இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியில் ஆல்பா நகரை ஒட்டிய லாங்கே குன்றுகள். அங்கே 11 ஊராட்சிகளின் எல்லைக்குள் விளையும் நெபியோலோ என்ற ஒரே ரகத் திராட்சையில் மட்டும்தான் பரோலோ செய்யலாம். காத்திருப்பதும் சட்டம். அறுவடை ஆண்டின் நவம்பர் 1-லிருந்து 38 மாதங்கள், அதில் 18 மாதமாவது மரப்பீப்பாயில். 2021 இலையுதிர் காலத்தில் பறித்த திராட்சை கடைக்கு வந்தது 2025 ஜனவரியில்.

அந்த விதிப்புத்தகத்தில் இன்னொரு வரி உண்டு: வடக்கு பார்த்த சரிவில் விளைந்த திராட்சைக்குப் பரோலோ என்ற பெயர் கிடையாது. 2024-ல் கிளம்பிய சண்டை அதைப் பற்றித்தான்.

ஏன் அப்படி ஒரு விதி? நெபியோலோ சீக்கிரம் துளிர்க்கும், ஆனால் லேட்டாகத்தான் பழுக்கும். நெபியா என்றால் இத்தாலிய மொழியில் மூடுபனி. குன்றுகளைப் பனி மூடும் அக்டோபர் வரை கொடியில் தொங்குவதால்தான் இந்தப் பெயர் என்று சொல்வதுண்டு. வெயில் குறைந்த வடக்குச் சரிவில் அது பழுக்கவே பழுக்காது. தெற்குச் சரிவிலேயே தோற்றுப்போன வருடங்கள் உண்டு. 1972 விளைச்சல் அவ்வளவு மோசம். பரோலோ என்ற பெயரில் விற்கத் தகுதியில்லை என்று விட்டுவிட்டார்கள்.

இப்போது நிலைமை தலைகீழ். முதலில் வெப்பம் கூடியது இவர்களுக்கு நல்லதாகவே அமைந்தது. திராட்சை பழுக்காத வருடங்கள் அபூர்வமாகின. ஆனால் 2003-ன் வெப்ப அலையும் 2022-ன் வறட்சியும் வேறு கதை. கடும் வெயிலில் சர்க்கரை வேகமாக ஏறும், புளிப்பு இறங்கும், டானின் மட்டும் பக்குவப்படாமல் பின்தங்கும். ஆல்கஹால் கூடி, புளிப்பு குறைந்த ஒயின் இருபது வருடம் தாங்குமா என்பது நியாயமான கவலை. அதனால்தான் 2024 தொடக்கத்தில் பரோலோ, பார்பரெஸ்கோ உற்பத்தியாளர் கூட்டமைப்பு, வடக்குச் சரிவுத் தடையை எடுத்துவிடலாமா என்ற யோசனையை முன்வைத்தது. உடனே உற்பத்தியாளர்களிடமிருந்தே எதிர்ப்பு கிளம்பியது.

வெப்பம் உண்மை. ஆனால் காசும் உண்மை. பரோலோ எல்லைக்குள் நல்ல தோட்டம் ஒரு ஹெக்டேர் பத்து லட்சம் யூரோவைத் தாண்டி விலைபோகிறது. வடக்குச் சரிவுகளில் இன்று மிச்சம் இருப்பது காடும், ஹேசல்நட் தோப்பும், விலை குறைந்த ஒயினுக்கான திராட்சையும். (நுட்டெல்லா தயாரிக்கும் ஃபெரேரோ நிறுவனம் பிறந்தது இதே ஆல்பாவில்தான், ஹேசல்நட் அங்கே அந்தக் காலத்துப் பயிர்.) 'பரோலோ' என்ற பெயரை அந்தச் சரிவுக்குக் கொடுத்தால் மறுநாளே அங்கே கோடாரி விழும். குன்றுக்கு நிழலும் ஈரமும் தருகிற, மண்ணைப் பிடித்து வைக்கிற மரங்களை வெட்டிவிட்டு, அதற்கு வெப்பத்தைச் சமாளிக்கும் திட்டம் என்று பெயர் வைப்பது கொஞ்சம் விநோதம்.

லாங்கேவுக்குச் சண்டை புதிதில்லை. 1980-களில் இளைஞர்கள் சிலர் பிரான்ஸ் பாணிச் சின்னப் பீப்பாய்களுக்கு மாறியபோது ஊரே இரண்டானது. எலியோ ஆல்டாரே, அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களை மின்ரம்பத்தால் அறுத்தே போட்டார். அப்பா அவருக்குச் சொத்தில்லை என்று எழுதிவிட்டார். மறுபக்கம் பார்டோலோ மஸ்கரெல்லோ, 'சின்னப் பீப்பாயும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்' என்று பாட்டில் லேபிளிலேயே எழுதி ஒட்டினார். பிறகு என்ன ஆனது? சின்னப் பீப்பாய்க்கு மாறிய பலர் பெரிய பீப்பாய்க்கே திரும்பினார்கள். பீப்பாயை மாற்றிக்கொள்ளலாம். வெட்டிய காட்டை அப்படித் திருப்ப முடியாது. 2014-ல் யுனெஸ்கோ இந்தக் குன்றுகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த இந்த நிலக்காட்சிக்காகத்தான், ஒரு பாட்டிலின் ருசிக்காக அல்ல.

இதற்காகத் தெற்குச் சரிவு விவசாயி கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. முன்பு வெயில் படட்டும் என்று குலைகளைச் சுற்றி இலையைக் கிள்ளியவர்கள், இப்போது நிழலுக்காக இலையை விட்டுவைக்கிறார்கள். கடல்மட்டத்திலிருந்து 540 மீட்டர் உயரம் வரை விதியே இடம் தருகிறது. தடையை மொத்தமாகத் தூக்குவதற்கு முன் செய்து பார்க்க இவை இருக்கின்றன.

வடக்குச் சரிவிலும் நெபியோலோ நன்றாக வரும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு வழி ஏற்கெனவே திறந்தே இருக்கிறது. அங்கே விளைவதை 'லாங்கே நெபியோலோ' என்ற பெயரில் விற்கலாம். விலை குறைவுதான். ஏற்கெனவே இருக்கும் தோட்டங்களிலிருந்து அப்படிச் சில நூறு பாட்டில்களை நிலவறையில் பத்து வருடம் வைத்துவிட்டு, தெற்குச் சரிவு பரோலோவின் பக்கத்தில் வைத்துத் திறக்கட்டும். அதன் பிறகு ஓட்டெடுப்பு நடத்தலாம்.